பெண் மின்மினிக்கு விட்ட இடம்

என் நாத்தனாருக்கு வீட்டில் மரவட்டை என்று பெயர். வைத்தது அவருடைய தம்பி, அதாவது என் வீட்டுக்காரர். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அருங்காட்சியகத்தின் பூச்சி அறையில் அண்ணிக்கு வேலை. செத்த வண்டுகளை ஊசியில் குத்தி, காலைப் பிரித்துவிட்டு, இழுப்பறையில் அடுக்க வேண்டும். அதுவும் தற்காலிக வேலை. தலை நரைக்கிறவரை என்னய்யா தற்காலிகம் என்று கேட்க அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் வாய் இருந்தது.

ஒரு நாள் அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாச்சை உருண்டை வாடை மூக்கைத் துளைத்தது. அண்ணி ஓர் இழுப்பறையை இழுத்துக் காட்டினார்.

"எல்லாம் மின்மினி வண்டுங்க. பாரு, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல."

ஒன்றுக்குத் தலை முழுக்கக் கண். ஒன்றுக்குச் சீப்பு மாதிரி மீசை. ஒன்று அரிசி அளவுகூட இல்லை. உயிரோடு இருக்கும்போது சிலது பச்சையாக எரியுமாம், சிலது மஞ்சளாக. ஊசியில் ஏறியதும் எல்லாம் தவிட்டு நிறம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.

"அது பொண்ணுக்கு விட்டது. நிறைய ஜாதியில பொண்ணுக்கு றெக்கையே முளைக்காது. வளர்ந்தாலும் புழு மாதிரியே மண்ணுல கிடக்கும். யாரு கண்ணுல படும்? ஆம்பளைதான் தேடி வரணும்."

"நல்லா வந்து கிழிச்சான்" என்றேன். அண்ணி சிரித்துவிட்டார்.

அதில் சீப்பு மீசைக்காரனின் ஜோடியை யாரும் பார்த்ததில்லை. துறைத் தலைவர் அண்ணியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்: "உயிரோட ஒரு பெண்ணை வளர்த்து, ஆண் அதைத் தேடி வர்றதைக் காட்டிடுங்கம்மா. உங்க வேலையை நிரந்தரமாக்க நானே எழுதறேன்."

அருங்காட்சியகத் தோட்டத்து மக்கின கட்டையில் அண்ணிக்கு ஒரு மின்மினிப் புழு கிடைத்தது. கண்ணாடிப் பெட்டியில் மண் போட்டுப் பூச்சி அறை ஜன்னலோரம் வைத்தார். அந்த மகராசி மரவட்டையைத் தவிர எதையும் தொடமாட்டாள். மழை விட்டால் போதும், அண்ணி டப்பாவோடு கிளம்பிவிடுவார். விரலெல்லாம் பழுப்புக் கறை, கிட்டே போனால் நாற்றம். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். "இன்னிக்கு ரெண்டு தின்னுச்சு" என்று சாப்பிடும்போது சொல்வார். நாங்கள் தட்டைத் தள்ளி வைப்போம்.

திடீரென்று அது தின்பதை நிறுத்திச் சுருண்டுகொண்டது. சாகப்போகிற புழுவை அதற்கு முன்பே ஸ்பிரிட்டில் போட்டுவிடுவது அந்த அறையின் வழக்கம். செத்து அழுகினால் எதற்கும் உதவாது. அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் தன் கையாலேயே போட்டார்.

தலைவர் லென்ஸில் பார்த்தார். "என்னம்மா இது? புழு இல்ல, வளர்ந்த பெண். வளர்ந்தப்புறம் அது சாப்பிடாதுல்ல."

அது அண்ணிக்குத் தெரியாதா? எனக்கே சொல்லிக்கொடுத்தவர். ஊட்டி ஊட்டி வளர்த்ததில், அது வளரும் என்பதையே மறந்துவிட்டார்.

போனில் அழுதார். நான் ஓடினேன். இருட்டத் தொடங்கியிருந்தது. வெறும் பெட்டியைக்கூட எடுத்து வைக்காமல் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக ஏதோ ஒன்று வந்து பெட்டி மண்ணில் விழுந்தது. சீப்பு மீசை. அவள் வாசனை மண்ணில் ஒட்டியிருந்ததோ என்னவோ, சுற்றிச் சுற்றித் தேடியது.

"நேத்து வந்திருக்கக் கூடாதாடா?" என்றார் அண்ணி.

"வெறும் மண்ணுக்கு வந்ததை வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாதும்மா" என்றார் தலைவர் மறுநாள். வேலை விஷயத்தை அப்புறம் அவர் எடுக்கவே இல்லை. வந்தவனை அண்ணிதான் ஊசியில் குத்தினார்.

அந்தத் தற்காலிக வேலையையும் நீட்டிக்கவில்லை. கடைசி நாளில் அண்ணியைக் கூட்டி வரப் போனேன். இழுப்பறையில் அவன் இருந்தான். பக்கத்து இடம் காலி.

"அவ எங்க அண்ணி?"

"அவனோட ஜோடிதான்னு சாட்சி இல்லையே. இனம் தெரியாததுங்களோட அலமாரியில கிடக்கா."

அண்ணி மறந்துவிட்ட குடையை எடுக்க அடுத்த வாரம் நான் மட்டும் போனேன். அண்ணியின் நாற்காலியில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். வேலை நிரந்தரமா என்று கேட்டேன்.

"இப்போதைக்குத் தற்காலிகம்தான் ஆன்ட்டி" என்றாள், சந்தோஷமாக.