வேன்காரர் கைதுக்குத் தயாரானார்

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியே பதினாறு வருஷம் பிழைத்தவர் அந்த வேன்காரர். ஹாரனைக்கூடக் கூச்சப்பட்டுத்தான் அடிப்பார். எஞ்சின் மாற்றக் கடன் வாங்கிய மூன்றாம் மாதம், பள்ளிக்கூடம் சொந்தமாக நாலு பஸ் வாங்கிக்கொண்டு, அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டது. நன்றிக் கடிதத்தைத் தவணையாக எடுத்துக்கொள்ள நிதி நிறுவனம் மறுத்துவிட்டது.

தவணை தவறிய முதல் மாதம் போனில் ஒரு தேன்குரல், "சார், ஞாபகப்படுத்தலாம்னுதான்" என்றது. அடுத்த மாதம் 'சார்' உதிர்ந்தது. மூன்றாம் மாதம் "லீகல்ல இருந்து பேசறேன்" என்று ஒரு கரகரத்த ஆண்குரல் வந்து, எடுத்த எடுப்பில் 'நீ' என்றது. வீட்டில் அந்தக் குரல்காரருக்கு 'லீகல்' என்றே பெயர் நிலைத்தது.

லீகல் கடமை தவறாதவர். நாளைக்குப் பதினேழு முறை அழைப்பார். மச்சானிடம் பேசினார், பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் பேசினார், பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பெரியப்பா மகனிடமும் பேசினார். பெரியப்பா மகன் பதறிப்போய் நலம் விசாரித்தார். விட்டுப்போன உறவை ஒட்டவைத்த புண்ணியம் லீகலையே சேரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை லீகல் சொன்னார்: "ரெண்டு மணி நேரத்துல போலீஸ் உன் வீட்டுக்கு வரும். வாரன்ட் ரெடி."

வேன்காரர் சவரம் செய்துகொண்டார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினார். பல் துலக்கும் பிரஷ், துண்டு, சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு ஒருவர் சாமான் ஏற்ற வண்டி வருமா என்று கேட்டார். "வெளியூர் போறேங்க" என்று அனுப்பிவிட்டார். நாலு மணி வரை ஒரு போலீசும் எட்டிப் பார்க்கவில்லை. கைநழுவிப் போன வண்டி வாடகைதான் மனசை அறுத்தது.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரசீது போடுபவள். சாயங்காலம் வந்ததும் பையைப் பார்த்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஜெயிலுக்கு."

"போறதுக்கு முன்னாடி அந்த நோட்டீஸெல்லாம் எடுங்க, பார்ப்போம்."

வந்த கடிதங்களை எல்லாம் அவர் பிரிக்காமல் டிவிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். படிக்காத கடிதம் செல்லாது என்பது அவருடைய சட்ட ஞானம். மூன்று உறைகள், மூன்றுமே 'இறுதி அறிவிப்பு'. தராசுப் படம் பெரிதாக இருந்தது. கோர்ட் பெயர் இல்லை, வழக்கு எண் இல்லை. வக்கீல் என்று கையெழுத்துப் போட்டவரின் போன் நம்பரும் லீகலின் நம்பரும் ஒன்றே.

போன் அடித்தது. அவளே எடுத்தாள்.

"கேஸ் நம்பர் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"அது வந்து... ப்ராசஸ்ல இருக்கும்மா."

"எந்தக் கோர்ட்?"

"எல்லாம் முறையா வரும்."

"வரட்டும். இவரு காலையிலயே சவரம் பண்ணிட்டுக் காத்துக்கிட்டிருக்காரு. இனிமே எதுவானாலும் எழுத்துல சொல்லுங்க."

அன்றே கடிதம் எழுதினாள். கடன் வாங்கியது உண்மை, முழுத் தவணை இப்போது முடியாது, மாதம் இவ்வளவு தர முடியும், கணக்கு விவரம் அனுப்புங்கள், சொந்தக்காரர்களைக் கூப்பிடாதீர்கள். வேன்காரர் கையெழுத்துப் போட, பதிவுத் தபாலில் போனது. பதினேழு அழைப்பு இரண்டாகச் சுருங்கியது. அதற்குள் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நோயாளிகளை அழைத்துவரும் வேலையும் கிடைத்தது. குலுங்காமல் ஓட்டும் ஆள் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து நிஜமாகவே சம்மன் வந்தது. முத்திரை, எண், தேதி எல்லாம் இருந்தன. இப்போது பார்த்து வேன்காரருக்கு வீரம் பொங்கியது.

"இதுவும் வெத்து மிரட்டல்தான். டிவி பின்னாடி வை."

"இதுதாங்க நிஜம். போகலைன்னா அவங்க சொல்றதுதான் கணக்குன்னு ஆயிடும்."

போனார்கள். சமரசம் பேசும் அறையில் ஒரு அம்மாள் நடுவில் உட்கார்ந்திருக்க, நிறுவனத்தின் வக்கீல் கணக்குத் தாளை நீட்டினார். ரசீதிலேயே வாழ்கிறவளின் விரல் ஒரு வரியில் நின்றது: 'நேரில் நினைவூட்டல் கட்டணம், இருபத்திரண்டு முறை.'

"நேர்ல யாரும் வந்ததே இல்லையே" என்றாள்.

வேன்காரர் முதன்முறையாக வாய் திறந்தார். "போன்லதாம்மா திட்டினாங்க. திட்டு வாங்கினதுக்கும் நான்தான் கூலி குடுக்கணுமா?"

சமரசம் பேசிய அம்மாள் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார். அந்த வரியை அடித்துவிட்டார்கள். அபராத வட்டியும் பாதி போனது. மிச்சத்தை முப்பது தவணையாகக் கட்டச் சொன்னார்கள்.

தாழ்வாரத்தில் பின்னாலிருந்து அந்தக் கரகரத்த குரல் கேட்டது. திரும்பினால், ஐம்பது வயதில் ஒரு ஒல்லி மனிதர், நிறுவனத்தின் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

"அண்ணே, நான்தான்... லீகல். நானும் ஒரு இடத்துல கடன்ல மாட்டியிருக்கேன். தினம் கூப்பிட்டுக் கிழிக்கறாங்க. அக்கா எழுதின லெட்டர் ஒரு காப்பி கிடைக்குமா?"

"கூப்பிடறது யாரு?" என்றாள் மனைவி.

"அவனும் லீகல்னுதான் சொல்றான்."

அவள் நகலை எடுத்துக் கொடுத்தாள். வேன்காரர் இந்த மனிதருக்காக மாதக்கணக்கில் பொறுக்கிச் சேர்த்த வசவுகள் தொண்டை வரை வந்து நின்றன. கடைசியில் வெளியே வந்தது, "எந்தப் பக்கம் போகணும்? வேன் இருக்கு" என்பதுதான்.

லீகல் பின்சீட்டில் உட்கார்ந்தார். இறங்கும்வரை அந்த நகலை மடியில் விரித்துப் படித்துக்கொண்டே வந்தார். வேன்காரர் முப்பது தவணையையும் கட்டி முடித்தார். இரண்டு மட்டும் தாமதம். அதற்கும் அபராதம் வாங்கிக்கொண்டுதான் ரசீது கொடுத்தார்கள்.