ஒயிட் மாஸுக்கு வந்த குட்டைக் கோட்டு

இளவாலை அந்தோனிப்பிள்ளை செல்வராஜா 1984இல் யாழ்ப்பாணத்தில் டாக்டர் ஆனவர். டெக்சாஸ் மாநிலம் சுகர் லேண்டில், ஒரு லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். அமெரிக்கத் தேர்வுகளை 2004 மே மாதம் முடித்துவிட்டார். தேறிவிட்டதால் மட்டும் இங்கே டாக்டர் ஆகிவிட முடியாது. ஏதாவது ஒரு மருத்துவமனை ரெசிடென்சி என்னும் பயிற்சி இடம் தர வேண்டும். அப்படி இடம் தரும் ஒரு குழுவில் டாக்டர் தைரியநாதன் இருந்தார். திருச்சிக்காரர், இதய மருத்துவர், எங்கள் தமிழ்க் கத்தோலிக்க மருத்துவர் கூட்டமைப்பின் தலைவர்.

"வேற ஊருக்கெல்லாம் அப்ளை பண்ணாதீங்க செல்வராஜா. நான் இருக்கேன்ல? ஜெபம் பண்ணிக்கோங்க" என்று ஆண்டுதோறும் சொல்வார்.

செல்வராஜா வேறு எங்கும் விண்ணப்பிக்கவில்லை. கூட்டமைப்பின் மாத முதல் சனிக்கிழமைக் கூட்டங்களுக்கு முதல் ஆளாக வந்து நாற்காலி போடுவார், இட்லி சூடு ஆறாமல் பார்த்துக்கொள்வார், கடைசியில் பாத்திரம் கழுவுவார். மனைவி ராஜராணி டேகேரில் கூடுதல் ஷிஃப்ட் பார்த்தார், அவர் டாக்டர் ஆகும்வரை என்று.

அக்டோபரில், புனித லூக்கா திருநாளையொட்டி ஒயிட் மாஸ் என்னும் மருத்துவர்களுக்கான பூசை நடக்கும். டாக்டர்கள் வெள்ளைக் கோட்டுடன் பீடத்தின் முன் முழந்தாளிட்டு ஆசீர் பெறுவார்கள். 2007இல் செல்வராஜாவும் தம் யாழ்ப்பாணத்துக் கோட்டை இஸ்திரி போட்டு அணிந்து வந்தார். அது இடுப்பளவே இருந்தது. அமெரிக்காவில் குட்டைக் கோட்டு மாணவர்களுக்கு உரியது என்று அவருக்குத் தெரியாது.

தைரியநாதன் வரிசையில் திரும்பிப் பார்த்தார். "என்ன செல்வராஜா, இந்த வயசுல மெடிக்கல் ஸ்டூடன்ட்டா?"

வரிசை சிரித்தது.

"பின்னாடி போய் நில்லுங்க. ஃபாதர் கன்ஃப்யூஸ் ஆயிடுவார்."

போனார். பூசை முடிந்து கூடத்தில் எல்லோருக்கும் தட்டு கொடுத்தபின் தைரியநாதனிடம் கேட்டார்.

"டொக்டர், இந்த வருசமாவது என்ர பேரைச் சொன்னனீங்களோ?"

"எப்படிச் சொல்றது? படிச்சு முடிச்சு அஞ்சு வருஷம் தாண்டினா அப்ளிகேஷனை ஓபனே பண்ண மாட்டோம். அந்த ரூல் போட்டதே நான்தான்."

"எப்ப போட்டனீங்கள்?"

"டூ தவுசண்ட் டூல."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீங்க வருவீங்களா? அப்புறம் எங்களுக்குச் சட்னி யார் வைப்பா?" தோளில் தட்டினார். பக்கத்தில் நின்றவர்களுக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது.

குழந்தை மருத்துவர் பவதாரணி, அவரும் யாழ்ப்பாணம்தான், காலிக் குவளையை நீட்டினார். "அண்ணை, கோப்பி முடிஞ்சுது."

செல்வராஜா கோப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு எங்கள் கூட்டங்களுக்கு வரவில்லை, எந்த மருத்துவமனைக்கும் விண்ணப்பிக்கவுமில்லை. லேபுக்கு அருகில் ஸ்பானிய மொழிக் கத்தோலிக்கக் கோயில் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் ராஜராணியோடு அங்கே காலைப் பூசை காண்பார்.

2008 ஒயிட் மாஸில், விசுவாசிகள் மன்றாட்டைத் தைரியநாதன் வாசித்தார்: "விசுவாசத்தை விட்டு விலகிப்போன எங்கள் சகோதரர் செல்வராஜா மனம் திரும்ப வேண்டுமென்று..."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் முழுவதும் பதில் சொன்னது.