கரைந்துபோன மேடு

அப்பாவுக்கு நெஞ்சு நோய் முற்றிவிட்டதென்று அம்மா சொன்னதும் அமெரிக்காவிலிருந்து இலங்கை மலையகத்தில் எங்கள் ஊரான கந்தப்பளைக்கு வந்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. அங்கே துகள்களை மோதவிடும் பெரிய ஆய்வுகூடமொன்றில் கலாநிதிப் பட்டத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தேன். அந்த மோதல்களில் அபூர்வமாக டாப் குவார்க்குகள் என்னும் நுண்துகள்கள் சோடியாகப் பிறக்கும். ஏதாவதொரு திணிவில், அதாவது நிறையில், மட்டும் எதிர்பார்த்த கணக்குக்கு மிஞ்சிய சோடிகள் குவிந்தால், யாரும் காணாத கனமான துகளொன்று உடைந்து அவற்றைத் தந்திருக்கலாம். என் வரைபடத்தில் அப்படியொரு குவியல் சின்ன மேடாகத் தெரிந்தது.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைத்து ஓய்ந்த அப்பா, போனில் நான் சொன்னதைக் கேட்டு, மகள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கப் போகிறாளென்று எங்கள் வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

வந்த வாரமே நுவரெலியாவில் ஓர் இன்டர்நெட் கடையில் மின்னஞ்சலைத் திறந்தேன். என்னோடு வேலை செய்தவன் புதிய தரவுகளையும் சேர்த்து வரைந்து அனுப்பியிருந்தான். மேடு கரைந்துவிட்டது. கோடு வழுவழுவென்று இறங்கியது. மழையில் நனைந்துகொண்டே வீடு வந்தேன்.

"என்ன புள்ள, மொகமே சரியில்ல?" போர்வைக்குள்ளிருந்து அப்பா கேட்டார்.

"நாங்க பாத்தது நெசமில்லப்பா. அங்க ஒண்ணுமில்ல."

"மெசினு பழுதா?"

"மெசினு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப யாரு மேல தப்பு?"

"யாரு மேலயும் இல்லப்பா. இல்லன்னு தெரிஞ்சிக்கிட்டதும் ஒரு முடிவுதான். அதத்தான் எழுதிக் குடுக்கணும்."

வெகுநேரம் இருமினார். "இல்லன்னு எழுதவா அவ்வளவு தூரம் போன?"

கோபமில்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். வகுப்பறையில் சொல்லும் பதில் என்னிடம் இருந்தது. அதை விட்டுவிட்டு, விலகிய போர்வையை இழுத்து அவருக்குப் போர்த்திவிட்டேன்.

மறுநாள் பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "மக கண்டுபுடிச்சிருச்சாண்ணே?"

"தேடிக்கிட்டு இருக்கு. அவசரப்பட்டா ஆவுமா?" என்றார் அப்பா. என் பக்கம் பார்க்காமல் கண்களை மூடிக்கொண்டார்.

விடுமுறை முடிந்து திரும்பிய சில வாரங்களில் அவர் போய்விட்டார். அடக்கத்துக்கு என்னால் வர முடியவில்லை.

இன்ன திணிவு வரைக்கும் அப்படியொரு துகள் இல்லை என்று ஆய்வேட்டை எழுதி முடித்தேன். சுத்தமான வேலை என்று தேர்வாளர்கள் கைகுலுக்கினார்கள். அன்று அம்மாவுக்குப் போன் போட்டு, பாஸாகிவிட்டேன் என்றேன். சந்தோசம் என்றாள். பிறகு கூரைத் தகரம் ஒழுகுவதைப் பற்றிப் பேசினாள். நானும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.