களமருதூர் விண்கப்பல்

களமருதூரில் ராஜாங்கத்தின் வீட்டு நடுக்கூடத்தில் ஒரு விண்கப்பல் இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் பிளாக்குகளால் கட்டியது. இரண்டு கட்டில்களை நீளவாக்கில் ஒட்டிப் போட்டால் எவ்வளவு வருமோ, அவ்வளவு நீளம். கட்டியவள் அந்த வீட்டு மருமகள் சுபஸ்ரீ.

அவள் கணவன் அறிவுச்செல்வன் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தான். அங்கே வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஏதோ ஒரு குடும்பம் பெட்டி பெட்டியாகப் பிளாக்குகளை வாசலில் வைத்துவிட்டுப் போக, அவன் அதை எடுத்து, பால் பவுடர், போர்வை, தைலத்தோடு கார்கோவில் மகளுக்கு அனுப்பினான். மகள் தேவதர்ஷினி கொஞ்ச நாள் ஆசையாக விளையாடினாள். பிறகு மறந்துவிட்டாள். பிளாக்குகள்தான் வீட்டை விட்டபாடில்லை. அரிசிப் பானையில் ஒன்று, மாட்டுத் தீவன மூட்டையில் ஒன்று என்று கிடந்தன. ஒருநாள் ராஜாங்கம் வெறுங்காலால் ஒன்றை மிதித்துவிட்டுப் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

அன்றைக்குச் சுபஸ்ரீ எல்லாவற்றையும் கூட்டி வாரி முறத்தில் கொட்டி, நிறம் நிறமாகப் பிரிக்க உட்கார்ந்தாள். பிரித்து மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவதாகத்தான் எண்ணம். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் 'டிக்'கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சாம்பல் நிறம்தான் எக்கச்சக்கமாக இருந்தது. முதலில் வீடு கட்டிப் பார்த்தாள். பூசாமல் விட்ட வீடு மாதிரி அழுது வடிந்தது.

"ராக்கெட்டு கட்டும்மா," என்றாள் மகள்.

"ராக்கெட்டுல ரெண்டு பேரு குந்தலாம். அதுல இன்னா இருக்குது? குடும்பத்தோட போய் இருக்கிற மாதிரி ஒண்ணு கட்டுறேன் பாரு."

படம் எதையும் பார்த்து அவள் கட்டவில்லை. பொங்கிவைத்து, மாடு கழுவி, மத்தியானம் கிடைக்கிற நேரத்தில் மனதுக்குத் தோன்றியபடி கட்டினாள். படுக்கிற அறை வந்தது, சமையல்கட்டு வந்தது. பச்சைத் தகடுகளைப் பரப்பி ஒரு பக்கம் நாற்றங்கால் வைத்தாள். மாட்டுக்கு ஒரு கொட்டகையும் வந்தது. ராஜாங்கம் வருகிறபோதும் போகிறபோதும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"நெல்லு போட்டுட்ட, சரி. தண்ணிக்கு இன்னாம்மா பண்ணுவ?"

சுபஸ்ரீக்கு அது தோன்றவே இல்லை. மறுநாளே கப்பலின் நடுவில் பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டத் தொடங்கினாள்.

அந்தத் தொட்டியே கப்பலுக்கு எமனானது. இரு முனைகளையும் இரண்டு ஸ்டூல்களின்மேல் வைத்திருந்தாள். நடுவில் கனம் ஏற ஏற முதுகு தொய்ந்துகொண்டே வந்தது, அவள் கவனிக்கவில்லை. ஒரு மத்தியானம் அவள் வெளியே மாட்டுக் கொட்டகையில் இருந்தபோது, லாரியிலிருந்து ஜல்லி சரிந்த மாதிரி சத்தம். ஓடிவந்து பார்த்தால் கப்பல் இரண்டாக ஒடிந்து கூடமெங்கும் சிதறிக் கிடந்தது. ராஜாங்கம் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "நான் தொடலம்மா. சத்தியமா கிட்டவே போவல," என்றார்.

அவள் திரும்பிப் போய், பாதியில் விட்ட மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

அதுவரை கணவன் மனைவி பேச்சு என்றால், சாப்பிட்டாயா, மழை பெய்ததா, பிள்ளை படிக்கிறாளா, அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் இரு பக்கமும் பேச்சு வற்றிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததும் சுபஸ்ரீ எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"அவ்ளோ பெரிய கப்பல எப்படிங்க கட்டுறீங்க? நடுவுல ஒடியாதா?"

அறிவுச்செல்வன் சிரித்தான். அவள் கேமராவைத் திருப்பிக் கூடத்தைக் காட்டியதும் சிரிப்பு நின்றது. "நீயா கட்டின?" என்று இரண்டு தரம் கேட்டான். பிறகு விளக்கிச் சொன்னான்.

"நாங்க மொத்தமா ஒரே எடத்துல கட்டமாட்டோம் சுபா. துண்டு துண்டா கட்டி, கிரேன்ல தூக்கிக்கினு வந்து சேர்ப்போம். ஒவ்வொரு துண்டுக்கும் உள்ள குறுக்குச் சொவரு இருக்கும். அடியில முதுகெலும்பு மாதிரி ஒண்ணு ஓடும். செங்கல் சொவருல பாத்திருப்பியே, மூட்டு மேல மூட்டு வராம வைப்பாங்களே, அந்த மாதிரி வெச்சுப் பாரு."

அவள் அப்படியே மறுபடி கட்டினாள். ஞாயிறுதோறும் பேச்சு நீண்டது. இத்தனை வருடத்தில் சொல்லாத வேலை விவரங்களை அவன் சொன்னான். இத்தனை வருடத்தில் கேட்கத் தோன்றாத கேள்விகளை அவள் கேட்டாள். ஒருநாள் புதுத் தொட்டியைக் காட்டி, "உள்ள சுத்தம் பண்ண ஆளு எறங்கணும்ல? மேல ஒரு வாசல் வெச்சா போதுமா?" என்றாள்.

அவன் போனைத் திருப்பிக்கொண்டான்; திரையில் கூரை மட்டும் தெரிந்தது.

"ரெண்டு வை," என்றான். பிறகு மெதுவாகச் சொன்னான். வெள்ளிமலைக்காரர் அய்யப்பன் அவனோடு ஒரே அறையில் இருந்தவர். கப்பலின் அடித்தொட்டி ஒன்றில் இறங்கியவர் கெட்ட காற்றில் மயங்கி விழுந்துவிட்டார். மறுபக்க வாசலில் சாமான்களை அடுக்கி வைத்திருந்தார்கள். இருந்த ஒரே வழியாக, முகமூடி போட்டவர்கள் இறங்கித் தூக்கிவர நேரமாகிவிட்டது. மேலே நின்று கைகொடுத்து இழுத்தவன் அறிவுச்செல்வன். அய்யப்பன் பிழைத்து ஊருக்குத் திரும்பிவிட்டார். "அன்னியிலேர்ந்து தொட்டில எறங்கச் சொன்னா வாசல்லயே நின்னுடுறேன். வெளிய சொல்லவும் முடியல," என்றான்.

சுபஸ்ரீ அழுதாள். வந்துவிடும்படி சொன்னாள். வந்து என்ன செய்வது, அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று அவன் மழுப்பினான்.

தை மாத அறுப்பு முடிந்து நெல் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. எதிர்பாராமல் வானம் கறுத்தது. ராஜாங்கம் பதறிக்கொண்டு வந்தார். "மூட்டைய எல்லாம் உள்ள கொண்டாரணும்மா. வூட்டுல வேற எடம் ஏது? இத எடுத்துடு."

துண்டு துண்டாகக் கழற்ற முடிந்ததால் கப்பலுக்குச் சேதமில்லை. ஆளுக்கொரு முனை பிடித்துப் படுக்கையறைக்கு மாற்றினார்கள். தொட்டித் துண்டைத் தூக்கும்போது ராஜாங்கம் கேட்டார்.

"ஒரு தொட்டிக்கு எதுக்கும்மா ரெண்டு வாசலு?"

அவள் மறைக்கவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். ராஜாங்கம் கையிலிருந்ததைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, முதலில் வந்திறங்கிய நெல் மூட்டைமேல் உட்கார்ந்தார். வெளியே ஆட்கள் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே," என்றார். "அடுத்த தபா போன் வந்தா எங்கிட்ட குடு."

கொடுத்தாள். மகனோடு அதிகம் பேசிப் பழக்கமில்லாத மனிதர் போனை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். "போதும்டா. பொறப்பட்டு வந்துடு. இருக்கிறத வெச்சு பாத்துக்கலாம்," என்றார். சொல்லி முடித்ததும் போனை மருமகளிடமே நீட்டினார்.

ஒப்பந்தம் முடிந்ததும் அறிவுச்செல்வன் வந்துவிட்டான். கூடத்தில் மறுபடி பூட்டி நின்ற கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூட்டுகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். "இங்க கொஞ்சம் எடவெளி இருக்குது," என்றான்.

"தெரியும். அங்க பொருந்துற துண்டு இல்ல," என்றாள் சுபஸ்ரீ.

அந்த வாரமே இருவரும் பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போய் அய்யப்பனைப் பார்த்தார்கள். இளைத்திருந்தார். சாமை விதைத்திருந்தார். பழைய பேச்சு ஒன்றுமே எடுக்கவில்லை. கப்பலின் படத்தைச் சுபஸ்ரீ போனில் காட்டியபோது மட்டும், தொட்டி இருந்த இடத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இருந்து சாப்ட்டுத்தான் போவணும்," என்றார். மூவரும் சாப்பிட்டார்கள்.

இப்போது அறிவுச்செல்வன் உளுந்தூர்பேட்டையில் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். கப்பலுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தாங்கி அவன் அடித்துக் கொடுத்ததுதான். வால் பகுதிக்குச் சாம்பல் நிறம் தீர்ந்துபோனதால் சுபஸ்ரீ மஞ்சளும் நீலமுமாக முடித்துவிட்டாள்.

சுற்றுவட்டாரத்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள். ஆரம்பத்தில் ராஜாங்கம் வந்தவர்களிடமெல்லாம், "பையன் சிங்கப்பூர்ல கப்பல் கட்டினவன் இல்லியா," என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். கேட்பவர்கள் தாமாகவே அறிவுச்செல்வனைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். ஒருநாள் அப்படி வந்தவர்களுக்கு மோர் கொண்டுவந்த சுபஸ்ரீ, டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, "நான் கட்டினதுங்க இது," என்றாள். ராஜாங்கம் தலையைச் சொறிந்துகொண்டார்.

அதற்கடுத்து வந்தவர்களை அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "எங்க மருமவ கட்டினது. கிட்ட வந்து பாருங்க, தொடாதீங்க," என்றார்.