தரை போடுவதற்கு முந்தின நாள்

வீடு கட்டிய கதையை யாராவது கேட்டால் நான் சிமென்ட்டைப் பற்றியோ கம்பியைப் பற்றியோ பேச மாட்டேன். ஆமையைப் பற்றித்தான் பேசுவேன்.

சிதம்பரத்துக்கு வெளியே ஒரு புது நகரில் எங்கள் வீடு. சித்திரை வெயிலில் அஸ்திவாரம் எழுப்பி, வறண்டு கிடந்த ஏரியிலிருந்து டிப்பரில் மண் கொண்டுவந்து உள்ளே கொட்டினோம். சுவர் எழும்பியது, மேலே தளமும் போட்டாயிற்று. கீழே தரை மட்டும் பாக்கி. ஆவணியில் குடிபோக நாள் குறித்தாகிவிட்டது. வாடகை வீட்டுக்காரரோ, மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்று வீட்டைக் கேட்டுவிட்டார். அந்த நாளை விட்டால் நாங்கள் தெருவில்தான்.

தரைக்கு ஜல்லி போடுவதற்கு முந்தின நாள், மண் நன்றாக இறங்கட்டும் என்று மேஸ்திரி எல்லா அறையிலும் தண்ணீர் விடச் சொன்னார். என் வீட்டுக்காரருக்குக் கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் கம்பெனி வேலை, அன்று பகல் ஷிப்ட். நானும் மாமியாரும்தான் இருந்தோம். ஓஸைப் பிடித்துக்கொண்டு சாமி அறையில் நின்றேன். மூலையில் மண் புடைத்தது. எலி என்று செங்கல்லைத் தூக்கினேன். சேறு பிளந்து ஒரு மூக்கு, பிறகு கழுத்து, பிறகு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓடு. ஆமை! என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், கூடத்தைத் தாண்டி, கதவு வைக்காத வாசலை நோக்கி நடந்தது.

ஜேசிபி வாரி, டிப்பர் கொட்டி, ஆட்கள் மேலே நின்று திமிசு போட்டு இடித்து... அதற்கெல்லாம் தப்பி, சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் சோறு தண்ணீர் இல்லாமல் மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. அடேங்கப்பா! எனக்குக் காலையில் காபி பிந்தினாலே தலை வெடித்துவிடும்.

மாமியாருக்கு அந்த ஆச்சரியமெல்லாம் இல்லை. வீட்டுக்குள் ஆமை வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். தலையில் கை வைத்துக்கொண்டு மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

"வாணாம்மா. இந்த வூடு நமக்கு வாணாம். அதுவும் சாமி ரூம்புலயே வந்துருக்கு பாரு."

"அது எங்க வந்துச்சி அத்த? வெளியதான போவுது! நாமதான் மண்ணோட தூக்கியாந்து உள்ள போட்டோம்."

"நீ பேசிகினே இரு. எம்புள்ள வரட்டும்."

என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "அம்மா சொல்றதும்..." என்று இழுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப ரெண்டு பேரையும் பஸ் ஸ்டாண்டுல குடி வெக்கிறேன்" என்று கட் பண்ணினேன். அதே சூட்டில் மாமியாரிடமும் கத்தினேன். "நாளைக்கி ஜல்லி போட்டிருந்தா அது உள்ளயே செத்துருக்கும் அத்த. அது மேல பாயப் போட்டுப் படுத்துருப்போம். அது மட்டும் நல்லதா?"

மேஸ்திரியின் பாண்டு சட்டியில் ஆமையைத் தூக்கிப் போய் வாய்க்காலில் விட்டுவிட்டுத் திரும்பினால், மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓஸும் கையுமாக நிற்கிறார்.

"என்னத்த பண்றீங்க?"

"இன்னொன்னு கெடந்தா?"

அன்று முழுக்க வீடு நாற்றங்கால் மாதிரி தண்ணீரில் கிடந்தது. "போதும்மா, மண்ணு கூழாயிடும், நாளைக்கி ஜல்லி நிக்காது" என்று மேஸ்திரி கெஞ்சினார்.

"நிக்காட்டி போவுது! ஒரு உசுரப் பொதைச்சிட்டு அது மேல கோலம் போடச் சொல்றியா?" என்று மாமியார் சீறினார். காலையில் வீடே வேண்டாம் என்றவர்! ஒவ்வொரு மூலையிலும் குனிந்து, "இருந்தா வந்துரு கண்ணு, வா வா" என்று வேறு கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பொழுது சாயும்போது சமையலறை ஓரத்தில் மண் அசைந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டி. நான் நகர்வதற்குள் மாமியார் அதை முந்தானையில் ஏந்திக்கொண்டார். ஓட்டில் ஒட்டிய சேற்றைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஷிப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, பேசாம வேற வாடக வூடு பாத்துரலாமா?"

"எதுக்குடா? இத்தினியூண்டு இதுவே இந்த வூட்டுல பொழச்சிக் கெடந்துருக்கு, நாம பொழைக்க மாட்டமா? நவுரு, வழிய வுடு."