ஃப்ரிட்ஜில் இருந்த ஃபிலிம் சுருள்

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு லிஃப்டுக்காகக் காத்து நிற்கப் பொறுமை இல்லை என்றால் நம்புவீர்களா? தான் சரிசெய்த லிஃப்டிலேயே ஏறாமல், மாடிப்படியில் தாவித் தாவி ஓடுகிற ஆள் அவன். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டே பிறந்தவன் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர்கள் வைத்த பட்டப்பெயர் 'அவசரம்'. "அவசரத்தைக் கூப்பிடுப்பா, மேல் மாடியில கதவு மாட்டிக்கிச்சு" என்றால் சொல்லி வாய் மூடுவதற்குள் வந்து நிற்பான்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரே ஒரு வேலையை மட்டும் வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டான். அவன் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில், சின்ன டப்பாவுக்குள் ஒரு ஃபிலிம் சுருள் இருந்தது. அவர்களுக்குப் பிறந்து ஒரு வாரம்கூடத் தங்காமல் போய்விட்ட பெண் குழந்தையை அவன் எடுத்த படங்கள் அதில் இருந்தன. அதாவது, இருப்பதாக அவன் மனைவி நம்பினாள். அந்தக் குழந்தைக்கு வேறு படமே கிடையாது.

அவனுக்கு அந்த நம்பிக்கை இல்லை. பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் கேமராவில் சுருளை மாட்டியவன், அதன் நுனி உள்ளே இருக்கிற பல்சக்கரத்தில் பிடித்ததா என்று பார்க்காமல் படக்கென்று மூடிவிட்டான். பிடிக்காவிட்டால் சுருள் நகராது, எத்தனை தடவை கிளிக் செய்தாலும் ஒன்றும் பதியாது. எல்லாம் முடிந்து, பிள்ளை இல்லாமல் வீடு திரும்பிய பிறகு, சுருளை வெளியே எடுக்கக் கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றினான். ரெண்டு மூணு சுற்றிலேயே கை லேசாகிவிட்டது. முழுச் சுருள் என்றால் சுற்றிச் சுற்றி விரல் நோகும். சுருள் பிடிக்கவே இல்லை, எல்லாம் வெறும் வெள்ளை என்று முடிவு கட்டிவிட்டான்.

இதை எந்த வாயால் அவளிடம் சொல்வது? ஃபிலிம் கழுவ அவனுக்கே தெரியும். குளியலறையை இருட்டாக்கி எத்தனையோ சுருள் கழுவியிருக்கிறான். அவள் கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம் பண்றேன்" என்று மென்று முழுங்கினான். கழுவாத வரைக்கும் அவளுக்காவது குழந்தை அந்த டப்பாவுக்குள் இருக்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ. கோழைத்தனத்துக்கு நல்ல பெயர் வைப்பதில் மனுஷனை மிஞ்ச ஆள் இல்லை.

வீடு மாற்ற வேண்டி வந்தது. சாமான்கள் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஃப்ரிட்ஜைக் காலி செய்தவள் டப்பாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இன்னைக்கே கழுவிடுங்க. என் பொண்ணை டப்பாவுல வெச்சுப் புது வீட்டுக்குத் தூக்கிட்டு வர மாட்டேன்."

அவனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தான். அப்போதுதான் பரணிலிருந்து இறக்கிய, ஃபிலிம் கழுவுகிற டெவலப்பர் மருந்து பாட்டில் கண்ணில் பட்டது. எப்போதோ வாங்கியது, உள்ளே பழுப்பேறிக் கஷாயம் போல் இருந்தது. சட்டென்று ஒரு யோசனை ஓடியது. இதில் கழுவி வெள்ளையாக வந்தால் பழியை இந்தப் பாட்டில்மேல் போட்டுவிடலாமே!

அவன் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். தேதி முடிந்த மாத்திரைகளைப் பொறுக்கி எடுப்பதே அவள் தினசரி வேலை. பாட்டிலைத் திருப்பிப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏங்க, இது தேதி முடிஞ்சு எவ்வளவோ காலம் ஆச்சே. புதுசு வாங்கலாமே?"

"இப்பல்லாம் எங்க கிடைக்குது? ஃபிலிம் மருந்து கொஞ்சம் பழசானாலும் வேலை செய்யும். செய்யலைன்னா நம்ம தலையெழுத்து."

பச்சைப் பொய். பெரிய கடைத்தெருவில் கேமரா கடைக்காரன் இன்னும் விற்கிறான். அவள் சரி என்று தலையாட்டினாள். அந்த விஷயத்தில் அவன் சொன்னதுதான் அவளுக்கு வேதம்.

வழக்கமாக, மருந்து பழசென்றால் ஒரு துண்டு ஃபிலிமை நனைத்துப் பார்ப்பான். கறுத்தால் மருந்துக்கு உயிர் இருக்கிறது, இல்லையென்றால் செத்துவிட்டது. இன்றைக்கு நனைத்துப் பார்க்கவில்லை. கறுத்துவிட்டால் அவனுடைய சாக்கு போய்விடுமே, அந்தப் பயம்தான்.

குளியலறைக் கதவிடுக்கில் துணியைத் திணித்து, இருட்டில் தடவித் தடவிச் சுருளை வெளிச்சம் புகாத சின்னத் தொட்டிக்குள் ஏற்றி, மூடி, மருந்தை ஊற்றினான். வெளியே அவள் பெட்டியில் டேப் ஒட்டும் சத்தம்கூட நின்றுபோயிருந்தது, கதவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள் போலிருக்கிறது. கடைசியில் தண்ணீரில் அலசி, விளக்கைப் போட்டு, ஃபிலிமை உயர்த்திப் பிடித்தான்.

அடக் கடவுளே! படம் இருந்தது.

ஒன்றல்ல, வரிசையாக அஞ்சாறு. சுருள் ஒழுங்காகத்தான் பிடித்திருக்கிறது. ஆனால் எல்லாமே புகை படிந்தது போல அவ்வளவு லேசு. கட்டிலின் கம்பி, குழந்தையைச் சுற்றிய வெள்ளைத் துணியின் மடிப்பு, அவ்வளவுதான் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. நல்ல மருந்தாக இருந்திருந்தால் கண் இமைகூட வந்திருக்கும். அவன் கவிழ்த்து வைத்த வாளிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவள் உள்ளே வந்தாள். "வந்திருக்காளா?"

"முகம் வரல. மருந்து செத்துப்போச்சு."

அதோடு விட்டிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அவனால் முடியவில்லை. கடையில் புது மருந்து கிடைக்கும் என்பதையும், சுருள் வெள்ளை என்று அவன் நினைத்ததையும், ரெண்டு மூணு சுற்றிலேயே கை லேசானதையும் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டு அழுதான்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஏங்க, அவ இருந்ததே நாலஞ்சு நாளு. அஞ்சாறு படம்தான் எடுத்தீங்க. அதைச் சுத்த எவ்வளவு நேரம் ஆகும்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

ஈரச் சுருளை அவன் கையிலிருந்து வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெறும் இடத்தின்மேல் விரலை வைத்து, "இங்க நெத்தி, இங்க மூக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் எழுந்து அவள் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான்.

"மூக்கு எப்படி இருந்துச்சு?"

"நீங்கதானே பக்கத்துல நின்னு எடுத்தீங்க?"

"படம் வந்ததும் பொறுமையாப் பாத்துக்கலாம்னு இருந்தேன்" என்றான்.