சுருளிவேலின் வலது தோள்

சுருளிவேல் ஆற்றில் தெப்பம் ஓட்டுகிறவர். குமுளிப் பக்கம் வரும் சுற்றுலாக்காரர்களை மூங்கில் தெப்பத்தில் ஏற்றி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே பெரியாற்றில் மெதுவாகக் கொண்டுபோய்ப் பாலத்தடியில் இறக்கிவிடுவது அவர் வேலை. மழைக்கு முன்பு பாசிப் பாறையில் வழுக்கி விழுந்ததில் வலது தோள் எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்தாகிவிட்டது, வலியும் இல்லை. ஆனால் துடுப்புப் போட அது பழைய கைதானா என்பது அவருக்கே தெரியவில்லை.

தெப்பங்களின் சொந்தக்காரர் இன்னாசிராஜ் முடிவை அவரிடமே விட்டுவிட்டார். "ஒரு தடவ பாலம் வரைக்கும் ஓட்டிப் பாருங்கண்ணே. கை சரின்னு நீங்க சொன்னா நாளைக்கே ஆளேத்தலாம். இல்லேன்னா டிக்கெட் குடுக்குற எடத்துல உக்காந்துக்கங்க."

அந்த நாற்காலியில் போய் உட்காரச் சுருளிவேலுக்கு மனமில்லை. அதற்காக, நம்ப முடியாத கையை வைத்துக்கொண்டு நீச்சல் தெரியாதவர்களை ஏற்றுகிற ஆளும் அவர் இல்லை.

வெறும் தெப்பத்தை ஓட்டிப் பார்த்துப் பயனில்லை, ஆள் பாரம் வேண்டும். மனைவி அழகுத்தாயைக் கூப்பிட்டார். தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவள். இத்தனை வருசத்தில் அன்றுதான் அவர் தெப்பத்தில் முதல்முறை கால் வைத்தாள்.

"பாரத்துக்குத்தான் என்னையக் கூட்டியாந்தீகளாக்கும்?"

"அரிசி மூட்டைய ஏத்துனா நனைஞ்சிரும்ல."

அவர் முன்னால் உட்கார்ந்தார், அவள் பின்னால். தண்ணீர் நிதானமாக இருந்தது. வலது கரையில் தேயிலைச் சரிவு ஆற்றோரம்வரை இறங்கியிருந்தது, இடது கரையில் நாணல். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டார். தோள் முரண்டு பிடிக்கவில்லை.

"அந்தா பாருங்க, எங்க எட்டாம் நம்பர் தேயிலைக் காடு. கொழுந்து முத்திக் கெடக்கு, ஆளவிட்டு எடுக்க மாட்டேங்காக" என்று அழகுத்தாய் பேசிக்கொண்டே வந்தாள்.

தெப்பம் வலப்பக்கம் ஒதுங்கியது. திருத்தினார். மறுபடி ஒதுங்கியது. வலது கைப் போடு பலமில்லாமல் விழுந்தால் தெப்பம் வலப்பக்கம்தான் போகும். அவருக்குத் தெரியாததா?

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"கை போச்சு தாயி."

"வலிக்குதா?"

"வலிச்சாக்கூடப் பரவால்ல. தண்ணிய இழுக்க மாட்டேங்குது."

"டிக்கெட் குடுக்குற எடத்துல ஃபேன் இருக்குல்ல?" என்றாள் அழகுத்தாய்.

"இருக்கு" என்றார், திரும்பாமல்.

ஆறு வளைந்தது. வளைவு தாண்டியதும் நாணல் வலது கரைக்குப் போய், தேயிலைச் சரிவு இடப்பக்கம் வந்தது. இப்போது தெப்பம் இடப்பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது.

சுருளிவேலுக்குப் பிடிபடவில்லை. வலது கை பலவீனம் என்றால் இடப்பக்கம் ஏன் போகிறது? துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்போதும் தெப்பம் இடப்பக்கமே திரும்பியது. பின்னால் பார்த்தார்.

அழகுத்தாய் தெப்பத்தின் இடது ஓர மூங்கிலில் உட்கார்ந்து, உடம்பு மொத்தத்தையும் சரிவைப் பார்த்துச் சாய்த்திருந்தாள்.

"ஏய், அங்க எதுக்குப் போன?"

"எங்க போனேன்? மேட்டுப்பக்கந்தான இருக்கேன்."

சரிவில் கொழுந்தெடுக்கிறவர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம் அது. பை நிறைந்த பிறகு பள்ளத்துப் பக்கம் சாய்ந்தால் உருண்டுவிட வேண்டியதுதான். அதனால் பாரத்தை எப்போதும் மேட்டுப்பக்கமே போடுவார்கள். மலை வலப்பக்கம் இருந்தபோது வலப்பக்கம் நகர்ந்தவள், மலை மாறியதும் தானும் மாறிவிட்டாள். அது அவளுக்கே தெரியாது.

நடுவுல உக்காருங்க, அசையாதீங்க என்று, ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்லாமல் சுருளிவேல் தெப்பத்தைத் தள்ளியதே இல்லை. சொந்தப் பெண்டாட்டியிடம் மட்டும் சொல்லவில்லை.

"நடுவுல வா."

"பள்ளத்துல விழுந்துட்டா?"

"சுத்தித் தண்ணிதான இருக்கு. பள்ளத்துக்கு எங்க போவ?"

அவள் நடுவில் வந்து சம்மணம் போட்டு, மலையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் துடுப்புப் போட்டார். தெப்பம் நேராகப் போனது. நம்பாமல், வலது கையால் வேண்டுமென்றே ஓங்கி ஒரு போடு போட்டார். சொன்னபடி இடப்பக்கம் திரும்பியது. திருப்பி நேராக்கினார். இன்னும் இரண்டு முறை அப்படியே செய்து பார்த்துவிட்டுத்தான் மூச்சை விட்டார்.

"ஃபேன் காத்து வேணாமாக்கும்?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"நீ போய் உக்காந்துக்க."

மிச்ச தூரத்தை அவசரமில்லாமல் ஓட்டினார். பாலத்தடியில் இன்னாசிராஜ் ஜீப்போடு நின்றிருந்தார்.

"என்னண்ணே, கை எப்பிடி?"

"கை சரிதான். நாளைக்கு ஆளேத்து. இவள மட்டும் ஏத்தாத."

"ஒங்க தெப்பத்துல இனி எவ ஏறுவா?" மேட்டுப்பக்கக் காலை அழுத்தி ஊன்றிக் கரையேறிக்கொண்டே அழகுத்தாய் கேட்டாள். "காலையில வெள்ளனமே கஞ்சி வேணுமா, வேணாமா? அதச் சொல்லுங்க."

"வேணும்" என்றார் சுருளிவேல்.